மூன்று டொராய்டு வளையங்களில் ஒரு த்ரீ பேஸ் டிரான்ஸ்பார்மர்

பட்டறையில் இருக்கும் சிஎன்சி ரூட்டருக்கு (கணினி சொல்படி மரம், பலகை வெட்டும் இயந்திரம்) 48 வோல்ட் டிசி, 25 ஆம்பியர் வரை வேண்டும். த்ரீ பேஸ் இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதிலிருந்து ஆறு டையோடு பிரிட்ஜ் போட்டு டிசியாக்கினால் ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) 300 ஹெர்ட்ஸில் வரும், அளவும் குறைவு. பெரிய கெப்பாசிட்டர்கள் தேவைப்படாது. அதனால் டிரான்ஸ்பார்மரை நானே சுற்றிவிடலாம் என்று இறங்கினேன். கோர் டொராய்டுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிஆர்ஜிஓ (மணிகள் ஒரே திசையில் அமைந்த சிலிக்கான் எஃகு) பட்டையை இடைவெளி இல்லாமல் வளையமாகச் சுற்றியிருப்பதால் காந்தப்பாயம் முழுக்க எஃகின் மணி ஓடும் திசையிலேயே போகும். லோடு இல்லாதபோது இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு, இரைச்சலும் அப்படித்தான்.

ஒரே வளையத்தில் மூன்று பேஸையும் சுற்றிவிட முடியாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். முடியாது. வளையத்தில் பாயம் ஓட ஒரே பாதைதான் உண்டு. 120 டிகிரி விலகி நிற்கும் மூன்று வோல்டேஜும் அந்த ஒரே பாயத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் ஷார்ட் சர்க்யூட்தான் மிஞ்சும். ஆகவே பேஸுக்கு ஒரு வளையம். கல்லூரி லேபில் த்ரீ பேஸ் வேரியாக்கை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர்) திறந்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே தண்டில் மூன்று வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்.

கணக்குக்கு வருகிறேன். பிரிட்ஜுக்குப் பின் வரும் டிசி, லைன் வோல்டேஜைப்போல் 1.35 மடங்கு. 48 வோல்ட்டுக்கு லைனில் 36 வோல்ட் போதும். செகண்டரி (வெளியே தரும் சுருள்கள்) ஸ்டார், அதாவது மூன்று சுருள்களின் ஒரு முனை ஒரே புள்ளியில் சேர்வது, என்பதால் ஒரு சுருளுக்கு 20.8 வோல்ட். நான் எடுத்த வளையத்தின் உள்விட்டம் 70 மிமீ, வெளிவிட்டம் 130, உயரம் 50. பட்டைகளுக்கு நடுவே உள்ள இன்சுலேஷனைக் கழித்தால் குறுக்குப் பரப்பு 14.4 சதுர செமீ. பாய அடர்த்தி 1.4 டெஸ்லா என்று வைத்தால் சுற்றுக்கு 0.448 வோல்ட் வருகிறது. இந்த எஃகு 1.6 வரைகூடத் தாங்கும். ஆனால் எங்கள் லைன் இரவில் 440 வோல்ட்டைத் தொடும், அதற்கு இடம் விட்டேன். பிரைமரி (லைனில் சேரும் சுருள்கள்) டெல்டா, அதாவது சுருள்கள் முனைக்கு முனை சேர்ந்து மூடிய முக்கோணம், 415 வோல்ட்டுக்கு 930 சுற்று, 22 கேஜ் கம்பி. செகண்டரியில் லோடில் இறங்கும் வோல்டேஜுக்காக ஐந்து சதவீதம் கூட்டி 49 சுற்று. 15 கேஜ் கம்பி மூன்றைச் சேர்த்துச் சுற்றினேன். ஒரே தடித்த கம்பி வளையத்தின் விளிம்பில் சரியாக மடங்காது.

பிரைமரிக்கு வளையம் ஒன்றுக்கு 160 மீட்டருக்கு மேல் கம்பி ஷட்டிலில் (ஓட்டைக்குள் நுழையும் கம்பி சுற்றிய கட்டை) ஏறி, 930 முறை ஓட்டைக்குள் நுழைந்து வர வேண்டும். பொறுமையைத் தவிர இதில் சொல்ல அதிகம் இல்லை. ஒன்று மட்டும் முக்கியம்: வளையத்தை முழுவதும் சுற்றி வரும்போது அடுக்கின் கடைசிச் சுற்று முதல் சுற்றுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவே 100 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். அந்த இடத்தில் சிறிது இடைவெளி விட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் மைலார் டேப்பைப் பாதி பாதி மேலேறும்படி சுற்றினேன். பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே இன்னும் கனமாக.

அப்புறம் வந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிரைமரியை ஏன் ஸ்டாரில் கட்டவில்லை? கட்டினால் சுருளுக்கு 240 வோல்ட்தான், 540 சுற்றோடு வேலை முடிந்திருக்கும். சிக்கல் மூன்றாவது ஹார்மோனிக்கில், அதாவது 50 ஹெர்ட்ஸின் மூன்று மடங்கு அதிர்வெண்ணில், இருக்கிறது. கோரைக் காந்தமாக்கும் கரண்டில் 150 ஹெர்ட்ஸ் பங்கு ஒன்று இருந்தே ஆக வேண்டும். மூன்று பேஸிலும் அது ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதால், நியூட்ரல் இல்லாத ஸ்டாரில் அது ஓட வழியே இல்லை. கரண்டில் வர முடியாதது வோல்டேஜில் வந்துவிடும். சாதாரண மூன்று கால் கோரில் இந்தப் பாயம் திரும்பி வர இரும்புப் பாதை கிடையாது, காற்று வழியாகத்தான் வர வேண்டும். அதனால் பெரிதும் அடங்கிவிடும். தனித்தனி வளையங்களில் அதற்குத் தடையே இல்லை. டெல்டாவில் கட்டினால் அந்தக் கரண்ட் மூடிய முக்கோணத்துக்குள்ளேயே சுற்றிக்கொள்ளும்.

இதைக் கண்ணால் பார்க்க ஆசை. ஒரே திசையில் சுற்றிய மூன்று வளையங்களையும் ஒரே முகமாக அடுக்கி, நடு ஓட்டைகள் வழியாக ஒரு இன்சுலேஷன் கம்பியைப் பத்துச் சுற்று விட்டேன். பிரைமரியைத் தற்காலிகமாக நியூட்ரல் இல்லாத ஸ்டாரில் கட்டினேன். அந்தக் கம்பியில் 50 ஹெர்ட்ஸ் வோல்டேஜ்கள் மூன்றும் கூடி ஒன்றையொன்று அழித்துவிட வேண்டும். ஆனாலும் மீட்டரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அதிர்வெண் பக்கம் திருப்பினால் 150 ஹெர்ட்ஸ்! கம்பியின் இரு முனைகளையும் சேர்த்ததும், ஸ்கோப்பில் கூர்மையாக நின்ற செகண்டரி அலை இயல்பான சைன் வடிவத்துக்கு வந்தது. மூன்று வளையத்துக்குள்ளும் புகுந்து மூடிய அந்தக் கம்பியே ஒரு டெல்டா சுருளாகிவிட்டது. பாடப்புத்தகத்தில் டெர்ஷியரி டெல்டா (இதற்கென்றே சேர்க்கும் மூன்றாவது சுருள்) என்று படித்ததைப் பத்துச் சுற்றுக் கம்பியில் பார்த்த மகிழ்ச்சி பெரியது. பிரைமரியை டெல்டாவுக்கு மாற்றியதும் அதே கம்பியில் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கியது.

டெல்டாவில் லோடு இல்லாமல் செகண்டரி லைன்கள் மூன்றும் 38 வோல்ட்டை ஒட்டி வந்தன. ஒரு சுருளின் முனை மாறியிருந்தால் இரண்டு லைன்கள் 22 வோல்ட்டில் நின்றிருக்கும், அதனால் இந்த அளவை முதலில் எடுப்பது நல்லது.

ஆன் செய்யும் நொடியில் பாயும் கரண்ட் தனிக் கவனம் கேட்கிறது. டொராய்டில் காற்று இடைவெளி இல்லாததால் மிச்சக் காந்தம் அதிகம். சிங்கிள் பேஸில் சுவிட்சைப் போடும் நேரம் நமக்குச் சாதகமாக அமையலாம். த்ரீ பேஸில் எந்த நொடியில் போட்டாலும் ஏதாவதொரு பேஸ் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும், அந்த வளையம் செறிவுக்குப் (இனி காந்தப்பாயம் ஏற முடியாத நிலை) போய்விடும். அதனால் லைனுக்கு ஒன்றாக 47 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் வைத்து, அரை நொடியில் டைமர் ரிலே மூலம் கான்டாக்டர் அவற்றைத் தாண்டிவிடும்படி செய்தேன். சி கர்வ் எம்சிபி (கரண்ட் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) அசையவில்லை.

இனி பொருத்தும் வேலை. நடு போல்ட் ஒரே ஒரு வளையத்தைச் சுற்றி உலோகப் பாதையாக மூடிவிடக் கூடாது; மூடினால் அது ஷார்ட்டான ஒரு சுற்றாகிவிடும். அதற்காக வளையங்களுக்கு இடையே வைக்கும் தட்டுகளை பேக்கலைட் ஷீட்டில் வெட்டிக்கொண்டிருக்கிறேன். சூடு எவ்வளவு ஏறுகிறது என்பதை முழு லோடில் சில மணி நேரம் ஓட்டி, நடு வளையத்தில் தெர்மோகப்பிள் வைத்துப் பார்க்க வேண்டும். காற்று குறைவாகக் கிடைப்பது அந்த நடு வளையத்துக்குத்தான்.