கால்வடோஸ் பீப்பாயில் ஐரிஷ் விஸ்கி: ஒருவழியாகப் பிடிபட்டது

கால்வடோஸ், அதாவது ஆப்பிள் பிராந்தி, ஊறிய பீப்பாயிலிருந்து என் விஸ்கிக்கு ஆப்பிள் வாசனை ஒருவழியாக வந்துவிட்டது. மூக்கில் அவித்த ஆப்பிள், நாக்கில் கிராம்பு, விழுங்கியபின் பாட் ஸ்டில் விஸ்கிக்கே (முளைகட்டிய பார்லியையும் முளைகட்டாததையும் கலந்து செம்புப் பானையில் வடிப்பது) உரிய அந்தக் காரம். ஒன்றை ஒன்று அமுக்கவில்லை. ரொம்பப் பெருமையாக இருக்கிறது.

பீப்பாய் 2 லிட்டர், அமெரிக்க ஓக். முதலில் ஊறவைத்தது பிரான்ஸில் நார்மண்டியின் பே டோஜ் பகுதிக் கால்வடோஸ். அப்புறம் விஸ்கி: பவர்ஸ் ஜான்ஸ் லேன், 12 வருடம், 46 சதவீத ஆல்கஹால், பக்கத்து ஊரான மிடில்டனில் வடித்தது. 40 சதவீத விஸ்கியை இதற்கு எடுக்காதீர்கள். அயர்லாந்தின் கார்க் நகரம் மாதிரி ஈரமான ஊரில் தண்ணீரைவிட ஆல்கஹால்தான் வேகமாகக் குறையும். கடைசியில் சப்பென்று ஆகிவிடும்.

வெந்நீர் ஊற்றிக் கசிவை அடைப்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது வடியவிடுவதைப் பற்றி. கால்வடோஸை வெளியே ஊற்றிய கையோடு விஸ்கியை நிரப்பினால் அது ஃபினிஷ் (முதிர்ந்த விஸ்கியை வேறொரு பீப்பாயில் கொஞ்ச காலம் வைப்பது) இல்லை, வெறும் கலவை. தக்கையைக் கழற்றி, துவாரம் கீழே இருக்கும்படி ஒரு கிண்ணத்தின் மேல் கவிழ்த்து இரவு முழுக்க விட்டேன். காலையில் சொட்டு நின்ற மாதிரி இருந்தது. பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டியதும் மறுபடி சொட்டியது. கொஞ்சம் சாய்த்துத் தட்டினால் இன்னும் வந்தது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒன்றும் வராத வரை விடவே கூடாது. அதற்காகக் காயவும் விடக்கூடாது. மரம் சுருங்கினால் மூடிப்பலகையின் ஓரத்தில் கசியும். சொட்டு நின்றதும் விளிம்பு வரை நிரப்பிவிட வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க அதே விஸ்கியில் கொஞ்சம் கால்வடோஸ் கலந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வைத்திருந்தேன். அதில் ஆப்பிள் முதலில் தூக்கலாக வந்து சட்டென்று போய்விடுகிறது, பின்னாலேயே விஸ்கி தனியாக வருகிறது. பீப்பாயில் இருந்ததில் அந்த ஒட்டே தெரியவில்லை. மரத்துக்குள் ஊறிப்போனதுதான் வேலை செய்கிறது, அடியில் தேங்கியது இல்லை.

சின்னப் பீப்பாய் என்பதால் அடிக்கடி ருசி பார்த்தே ஆகவேண்டும். 200 லிட்டர் பூர்பன் (அமெரிக்க விஸ்கி) பீப்பாயைவிட, லிட்டருக்கு மரம் படும் பரப்பு சுமார் நாலரை மடங்கு அதிகம். நாக்கின் ஓரத்தில் துவர்ப்பு பிடிக்கத் தொடங்கினால் அன்றைக்கே இறக்கிவிடுங்கள். என்னுடையதில் அது இன்னும் வரவில்லை, அதனால் பாதியை மட்டும் எடுத்திருக்கிறேன்.

பீப்பாய் விற்ற கடைக்காரர்மேல் எனக்குக் கோபம்தான். உள்ளே நன்றாகக் கருக்கியது வேண்டும் என்று கேட்டிருந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் லேசாகப் பழுத்த நிறம், அவ்வளவுதான். அடுத்ததை வேறு இடத்தில்தான் வாங்குவேன்.

அடுத்தது பிளம் பிராந்தி. 2019இல் ஸ்காட்ச் விஸ்கியை எந்தப் பீப்பாயில் வைக்கலாம் என்ற விதிகளைத் தளர்த்தியபோதுகூட பிளம், செர்ரி, ஆப்ரிகாட் மாதிரி உள்ளே கொட்டை உள்ள பழங்களின் மது இருந்த பீப்பாய்களைச் சேர்க்கவில்லை. ஐரிஷ் விதியில் அந்தத் தடை இல்லை. 700 லிட்டருக்கு மேற்படாத மரப்பீப்பாய், அயர்லாந்துத் தீவிலேயே குறைந்தது 3 வருடம், அவ்வளவே. அந்தக் கொட்டையின் பாதாம் வாசனை பாட் ஸ்டில் காரத்தோடு சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தே தீரவேண்டும். கடைகளில் கண்ணில் படுவதெல்லாம் நிறமில்லாத ஸ்லிவோவிட்ஸ் என்ற பிளம் பிராந்திதான். மரத்தில் வைத்து மஞ்சளானது எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.