மான் மோதிய பம்பரும் வலப்பக்கத்து மேல் போல்ட்டும்

இன்று மாலை அந்தப் போல்ட் வெளியே வந்துவிட்டது. மூன்று வார இறுதிகள் அதற்கே போயின. பம்பரைப் பிடித்திருந்த எட்டு போல்ட்டில் ஏழு ஒரே மதியத்தில் கழன்றவை. வலப்பக்கத்து மேல் போல்ட் மட்டும் விடவே இல்லை. அது இரண்டு துண்டாக மேசை மேல் கிடப்பதைப் பார்க்கப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொழுது சாய்கிற நேரம். ஒரு மான் சாலையைத் தாண்டியது, வேகத்தைக் குறைத்தேன். தாண்டிவிட்டதே என்று பிரேக்கிலிருந்து காலை எடுத்த நொடியில் அதன் பின்னாலேயே இன்னொன்று பாய்ந்து வந்தது. ஒன்று தாண்டினால் பின்னால் இன்னொன்று வரும் என்று தெரிந்தவன்தான் நான், இருந்தும் காலை எடுத்துவிட்டேன். இறங்கிப் போய்ப் பார்த்தபோது அதற்கு உயிர் இல்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

பிக்கப்புக்கு வந்த சேதம்: பம்பரின் வலது முனை ஒரு சாண் பின்னால் போய் டயரைத் தொடும் அளவுக்கு மடங்கியிருந்தது. கிரில் நொறுங்கியது, பனி விளக்கு கூட்டோடு போயிற்று, வலது ஹெட்லைட்டின் ஒரு காது உடைந்தது. ஏர்பேக் விரியவில்லை. ரேடியேட்டர் தப்பியது. ஏசி கண்டன்சரில் தகடுகள் மட்டும் படுத்திருந்தன. எங்காவது எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தேன், இல்லை. ஏசி கேஸ் கசிந்தால் கூடவே கம்பரசர் எண்ணெயும் கசிந்து அந்த இடத்தில் தூசி ஒட்டிக்கொள்ளும். தகடு சீப்பு வைத்து ஒரு மணி நேரம் நிமிர்த்தியதில் கண்டன்சர் சரியாகிவிட்டது.

இனி போல்ட். சேசிஸின் முன்கொம்பு, அதாவது பம்பரின் பிராக்கெட் (தாங்கி) இறுகும் முன்முனை, பெட்டி போல நாலு பக்கமும் மூடியது. போல்ட்டுக்கான நட்டை உள்ளே பற்றவைத்திருக்கிறார்கள். எண்ணெய் ஊறும் முன் நான் இம்பாக்ட் கன்னை (தட்டித் தட்டிச் சுற்றும் கருவி) பிடித்ததுதான் தவறு. இரண்டே அடியில் உள்ளே இருந்த வெல்டிங் துருவோடு பெயர்ந்தது. அதன்பின் போல்ட்டும் நட்டும் ஒன்றாகச் சுற்ற ஆரம்பித்தன. எவ்வளவு சுற்றினாலும் ஒரு மரைகூட வெளியே வராது.

அசிட்டோனும் ஏடிஎஃப் எனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயும் சரிபாதி கலந்து இரண்டு நாள் ஊறவைத்தேன். மற்றவற்றுக்கு அருமையாக வேலை செய்த கலவை, ஆனால் நட்டைப் பிடிக்க ஆள் இல்லாதபோது மரை இளகி என்ன பயன்? பிராக்கெட்டின் பின்னால் ஆப்பு அடித்து, நட்டைச் சுவரோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தேன். கால் சுற்று நின்றது, பிறகு வழுக்கியது. வடிகால் துளை வழியாக உளியை விட்டேன், எட்டவில்லை. கேஸ் டார்ச் வைத்துச் சுடலாம் என்றார் நண்பர். கொம்புக்குள்ளே துருத் தடுப்பு மெழுகு, ஒட்டினாற்போல் ஒயரிங், ஒரு முழம் தள்ளி ஏர்பேக் சென்சர். வேண்டாம் என்றுவிட்டேன். தலையைக் கிரைண்டரில் அறுக்கவும் வழியில்லை, அது பிராக்கெட்டின் குழிக்குள் இருக்கிறது. துளை போட்டால் டிரில்லோடு சேர்ந்து போல்ட்டும் சுற்றுகிறது.

கடைசியில் கைகொடுத்தது வெறும் ஆக்சா பிளேடு. இரண்டு பக்கமும் ஆப்பை இறுக்கியதில் பிராக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி கிடைத்தது. பிளேடு நுழைய அது போதும். சட்டத்தில் மாட்டாமல், ஒரு முனைக்குத் துணி சுற்றிக் கையிலேயே பிடித்து அறுத்தேன். போல்ட் சுற்றாமல் இருக்க நண்பர் தலையில் ஸ்பேனர் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டார். அது 10.9 தரப் போல்ட், நல்ல கடினம். அங்குலத்துக்கு 24 பல் உள்ள பைமெட்டல் பிளேடுதான் தாங்கியது, சாதாரண பிளேடு ஐந்து நிமிடத்தில் மழுங்கிவிட்டது. அவசரப்படக் கூடாது. நீளமாக, மெதுவாக, முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தம் கொடுக்க வேண்டும். மூன்று பிளேடு, முக்கால் மணி நேரம். டங்கென்று பிராக்கெட் விடுபட்டபோது இருவரும் கத்தியே விட்டோம். உள்ளே விழுந்த துண்டைக் காந்தக் கம்பியால் மீன் பிடிப்பதுபோல் வெளியே எடுத்தேன்.

பிராக்கெட் வெளியே வந்ததும் முதல் வேலை அளப்பதுதான். புதிய பம்பரை மாட்டும் அவசரத்தில் இதை விட்டுவிடாதீர்கள். கேபினின் இடப்பக்கப் பிடிப்புத் துளையிலிருந்து வலது கொம்பு முனைக்கும், வலத்திலிருந்து இடது முனைக்கும் குறுக்களவு எடுத்தேன். வித்தியாசம் 2 மில்லிமீட்டர். என் அளவு டேப்புக்கு அது பிழைக் கணக்கிலேயே போய்விடும். கொம்பு நேராக இருக்கிறது, அடியை எல்லாம் பிராக்கெட் வாங்கிக்கொண்டது. மடங்கிய பிராக்கெட்டை அடித்து நிமிர்த்த எனக்கு மனம் வரவில்லை. ஒரு முறை மடங்கிய இடம் அடுத்த முறை முதலில் மடங்கும். பழைய வண்டிகளை உடைத்து விற்பவரிடம் ஒரு ஜோடி வாங்கினேன். இப்படி வாங்கும்போது இரண்டையும் முதுகோடு முதுகு வைத்துப் பாருங்கள், வளைந்திருந்தால் உடனே தெரிந்துவிடும்.

அடுத்து, போன நட்டுக்கு மாற்று. 15 மில்லிமீட்டர் கனத்தில் இரும்புப் பட்டை எடுத்து, 10.2 மில்லிமீட்டர் துளை போட்டு, 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கான எம்12 மரை வெட்டினேன். மரையின் இடைவெளி 1.75 மில்லிமீட்டர் என்பதால் அந்தக் கனத்தில் எட்டரை மரை பிடிக்கிறது. சாதாரண இரும்புக்கு அந்த ஆழம் தேவை. மரை வெட்டும் டேப்பை அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று எண்ணெய் விட்டுத் திருப்பினால்தான் சீவல் உடைந்து வெளியே வரும். பட்டையின் மறுமுனையில் சின்னதாக ஒரு எம்6 மரையும் வெட்டியிருக்கிறேன். கொம்பின் திறந்த முனை வழியாகப் பட்டையை உள்ளே தள்ளி, வடிகால் துளை வழியாக அந்த எம்6 போல்ட்டை முடுக்கிவிட்டால் பட்டை சுற்றாது, விழாது. வெல்டிங்கே தேவைப்படவில்லை. இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பம்பர் பற்றியும் சொல்ல வேண்டும். பழையது 21 கிலோ, வாங்கி வைத்திருக்கும் கனத் தகடு பம்பர் 64 கிலோ. கூடுவது 43 கிலோதானே என்று நினைத்திருந்தேன். ஆனால் அது முன் அச்சுக்கும் 80 சென்டிமீட்டர் முன்னால் தொங்குகிறது. என் வண்டியின் வீல்பேஸ் (முன் பின் அச்சுகளின் இடைவெளி) 3.2 மீட்டர். நெம்புகோல் கணக்குப் போட்டால் முன் அச்சில் கிட்டத்தட்ட 54 கிலோ ஏறும், பின் அச்சில் 11 குறையும். அதனால் முன் ஸ்பிரிங் மாற்றும் வரை வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் கருவி) மாட்டும் யோசனையைத் தள்ளி வைத்துவிட்டேன். வின்ச்சும் கயிறும் சேர்ந்தால் இன்னொரு 30 கிலோ. முதலில் பார்த்த ஒரு தயாரிப்பு நேராகச் சேசிஸ் கொம்போடு இறுகுவது. ஏர்பேக்கோடு ஒத்துப்போகுமா என்று கேட்டால் பதில் இல்லை, அதனால் விட்டுவிட்டேன். இப்போது வாங்கியது பழைய பிராக்கெட் வழியாகவே உட்காருகிறது, சென்சர் துளைகளும் இடத்தில் இருக்கின்றன. பவுடர் கோட்டிங் மட்டும் உள்பக்க மூலைகளில் மெல்லிசு. உப்புத்தாள் தேய்த்துத் துத்தநாகப் பிரைமர் ஒரு கை அடித்திருக்கிறேன்.

இந்த நிமிடம் பம்பர் ஜாக்கி மேல் தொங்குகிறது. போல்ட்களை விரலால் மட்டும் முடுக்கியிருக்கிறேன். இடது ஃபெண்டரோடு இடைவெளி 12 மில்லிமீட்டர், வலத்தில் 17. பிராக்கெட்டின் நீள்துளையில் இன்னும் நகர இடம் இருக்கிறது. மரைகளில் ஆன்டி சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசை) பூசியிருப்பதால் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவை அப்படியே வைக்க முடியாது. அது உலர்ந்த மரைக்கான எண், பூசிய மரையில் அதே டார்க் போல்ட்டைக் கூடுதலாக இழுத்துவிடும், குறைத்துத்தான் வைக்க வேண்டும்.

நாளை காலை இடைவெளியைச் சமன் செய்து இறுக்கிவிட்டு, கொம்புக்குள் மெழுகு தெளிக்க வேண்டும். சாயங்காலம் சுவர் முன்னால் 10 மீட்டரில் நிறுத்தி ஹெட்லைட் ஒளியின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். ஒளி கீழே சாய வேண்டிய அளவு 1 சதவீதம் என்று விளக்கின் மேலேயே அச்சிட்டிருக்கிறது, ஆகவே ஒளிக்கோடு விளக்கின் உயரத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். பம்பர் கனத்தில் முன்பக்கம் இறங்கிவிடும் என்பதால் அப்போது அது இன்னும் கீழேதான் இருக்கும்.