அண்ணாந்து பார்த்து நடங்கள்: ஜார்ஜ் டவுன் முதல் பட்டாளம் வரை

வட சென்னையின் பழைய தெருக்களை நடந்து பார்க்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்ட்ரலிலிருந்து சௌகார்பேட்டைக்கு ஆட்டோவில் போகவே போகாதீர்கள். 2013இல் அரசு வைத்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. மூன்று கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் 40 ரூபாய் கூட வராது. கேட்பதோ 150. அதையும் கொடுத்து ஏறினால், வால்டாக்ஸ் ரோடு தாண்டியதும் "உள்ள வண்டி போகாது சார், இங்கயே இறங்கிக்கோங்க" என்ற வசனம் இலவசம். மெட்ரோவில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய்தான். சென்ட்ரலுக்கு அடுத்த நிலையமே ஹைகோர்ட். அங்கே இறங்கி நடங்கள்.

இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கடையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கடை கீழ்த்தளம். யார் வந்தார்கள் என்பதைத்தான் கீழ்த்தளம் சொல்லும். யார் போனார்கள் என்று தெரிய வேண்டுமானால் மேலே பார்க்க வேண்டும். அண்ணாந்தபடி நடந்தால் மீன்பாடி வண்டி (சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி) முட்டும், அதனால் ஓரமாக நின்று பாருங்கள். துணி மூட்டையும் இரும்புக் குழாயும் ஏற்றிய வண்டி திரும்பும்போது பின்பக்கம் அகலமாகச் சுற்றி வரும். பகல் பதினொன்றுக்கு மேல் நெரிசல் தாங்காது. காலை எட்டு, எட்டரைக்குத் தொடங்கினால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். கட்டடம் பார்க்க அது நல்ல நாள், தொழில் பார்க்க உதவாத நாள்.

தெருப் பெயர்களே பாதிக் கதை. ஆர்மீனியன் தெருவுக்குத் தமிழில் அரண்மனைக்காரத் தெரு என்று பெயர். அங்கே அரண்மனை எதுவும் கிடையாது. 'ஆர்மீனியன்' நம் வாயில் உருண்டு 'அரண்மனை' ஆகிவிட்டது. வணிகத்துக்கு வந்த ஆர்மீனியர்கள் 1772இல் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. தெருவில் ஆர்மீனியர்தான் இல்லை. வடக்கே நடந்தால் பவளக்காரத் தெரு. பவளம் விற்ற யூதர்கள் இருந்த தெரு அது. பிறகு நாட்டுக்கோட்டை நகரத்தார் வந்தார்கள். மண்ணடிப் பக்கம் கீழக்கரை, காயல்பட்டினம் ஊர்க்காரர்கள் வந்தார்கள். ஆங்கிலேயர் 'கறுப்பர் நகரம்' என்று அழைத்த பழைய இந்தியர் குடியிருப்பை இடித்து, கோட்டையிலிருந்து தள்ளி உருவான பகுதி இது. 1911இல்தான் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் ஒட்டியது. 'ஒரிஜினல் குடிகள்' என்று யாராவது பெருமை பேசினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

அடுத்தது மாலைக்கு வர வேண்டிய விஷயம், வரிசை மாறினாலும் பரவாயில்லை: அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ். பர்மாவில் 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964இல் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்கியது. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறித் திரும்பினார்கள். அவர்கள் பிழைப்புக்காக 1969இல் பீச் ஸ்டேஷன் ஓரம் வந்ததுதான் பர்மா பஜார். ஒரு காலத்தில் வெளிநாட்டு டேப் ரிக்கார்டருக்கும் சென்ட்டுக்கும் ஊரே இங்கு வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்த பிறகு அந்தக் கவர்ச்சி போய்விட்டது. சாப்பாடு மட்டும் போகவில்லை. செகண்ட் லைன் பீச் ரோட்டில் மாலையானால் வண்டிகள் வந்துவிடும். தடித்த மஞ்சள் நூடுல்ஸ் ஒரு கை, பொடியாக அரிந்த கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டும் அதன் எண்ணெயும், மிளகாய்த் தூள், நொறுக்கிய பேஜோ (மொறுமொறுப்பான தட்டை மாதிரிப் பண்டம்), கடைசியில் புளித் தண்ணீர். எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். பார்சல் வாங்குவதில்தான் ஏமாற்றம்: புளித் தண்ணீர் பட்ட பேஜோ பத்து நிமிடத்தில் நமத்துவிடும். பேஜோவைத் தனிப் பொட்டலமாகக் கேளுங்கள். காரத்தைப் பாதியாகச் சொல்லுங்கள், அவர்களுடைய 'மீடியம்' நமக்கு ஜாஸ்தி.

இனி தங்கசாலைத் தெரு. குஜராத்திகளும் மார்வாடிகளும் வந்து வட்டிக்கடை, துணி, நகை என்று வேரூன்றிய இடம். சாவுகார் இருந்ததால் சௌகார்பேட்டை. இங்கே கட்டாயம் வாங்க வேண்டியது முறுக்கு சாண்ட்விச்: ரொட்டிக்குப் பதில் முறுக்கு, நடுவில் வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி. நம் முறுக்கும் அவர்கள் சட்னியும் சேர்ந்து உண்டான பண்டம், இந்தத் தெருவைவிட வேறெங்கே பிறக்கும்? வாங்கியவுடன் நின்றபடியே தின்றுவிட வேண்டும். சமண வழக்கப்படி வெங்காயம், பூண்டு இல்லாமல் கேட்டாலும் செய்து தருவார்கள்.

இப்போது அண்ணாந்து பாருங்கள். மரத் தூண் வைத்த பழைய வீடுகளில் திண்ணை இருந்த இடத்தில் ஷட்டர் வந்துவிட்டது. மாடிப்படி ஓரத்தில் கரண்ட் மீட்டர்களை எண்ணுங்கள். ஒரே வாசலில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இருந்தால் வீடு அறை அறையாகக் கூறு போடப்பட்டிருக்கிறது. பிறகு மேல்மாடியில் துணிக்கொடி இருக்கிறதா என்று பாருங்கள். கொடி இல்லாமல் சன்னலில் அட்டைப் பெட்டி தெரிந்தால் அது குடோன். துணி காய்கிறது, ஆனால் எல்லாம் ஆண்கள் துணி என்றால் பெரும்பாலும் நகைப் பட்டறை. வங்காளத்திலிருந்து வந்த பையன்கள் வேலை செய்யும் இடத்திலேயே தூங்குகிறார்கள்.

வசதி வந்த சேட்டு குடும்பங்கள் வேப்பேரி, கீழ்ப்பாக்கம், புரசைவாக்கம் என்று போய்விட்டன. கடை இங்கே, குடி அங்கே. இதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய வாடகைதாரரைக் காப்பாற்றியது. அற்ப வாடகைக்கு எந்த உரிமையாளர் கூரை ஒழுகலை அடைப்பார்? ஒழுகவிட்டார்கள். வீடு காலியான பிறகு குடும்பத்துக்கு விடுவதைவிடக் குடோனுக்கு விடுவது லாபம்: தண்ணீர் வேண்டாம், கழிப்பறை வேண்டாம், தகராறு இல்லை. 2019இல் புதிய வாடகைச் சட்டம் அமலுக்கு வந்து பழையது போய்விட்டது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. 'பத்து மாசம்' என்பது ஊர் வழக்கம். ஒப்பந்தத்தை எழுதுகிறவரே வீட்டுக்காரர் என்றால் எந்த வரி அதில் இருக்கும் என்று சொல்ல வேண்டுமா?

பிறகு புளியந்தோப்பை ஒட்டிய பட்டாளம் என்ற பகுதி. பணம் வந்து ஓர் இடத்தை மாற்றுவதென்றால் என்ன என்று இங்கேதான் கண்ணுக்குத் தெரியும். பக்கிங்காம், கர்நாடிக் என்ற இரண்டு துணி ஆலைகளும் பல ஊர்களிலிருந்து ஆட்களை இழுத்து வந்து பெரம்பூரையும் புளியந்தோப்பையும் நிரப்பின. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் தொடங்கியது. 1921இல் நீண்ட வேலைநிறுத்தம். 1996இல் ஆலை மூடியது. அந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடிக் கோபுரங்கள், வாயிலில் காவலாளி. ஸ்ட்ராஹன்ஸ் ரோட்டில் சங்கக் கட்டடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஆலைக் கூலிக்காக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சுற்றியுள்ள சந்துகளில் இருக்கிறார்கள். அந்தக் கோபுர வீட்டின் மாதத் தவணை அவர்கள் கணக்குக்குள் வராது.

இன்னொரு திசையிலும் ஆட்கள் போகிறார்கள். 2015 வெள்ளத்துக்குப் பின் கூவக் கரையோரக் குடும்பங்களை லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்தில் இறக்கினார்கள். பாரிமுனையில் மூட்டை தூக்கியவருக்கு அங்கிருந்து வேலைக்கு வர ஏறக்குறைய 25 கிலோமீட்டர். வீடு கிடைத்தது, பிழைப்பு தூரமாகிவிட்டது. சௌகார்பேட்டைக்காரர் வீட்டைத் தூரமாக வைத்துக்கொண்டது கார் இருந்ததால். இவருக்குக் காரும் இல்லை, 'எங்கே போகிறாய்' என்று கேட்டவரும் இல்லை.

பட்டாளத்தில் மாலை நான்கரைக்கு மேல் நிற்க வேண்டாம், நெரிசல் தொடங்கிவிடும். பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன் நடக்கும் தூரம்தான். சென்ட்ரலுக்கு மின்சார ரயில் டிக்கெட் 5 ரூபாய். அங்கிருந்து திரும்பவும் மெட்ரோவில் ஒரே நிலையம். ஆறரைக்குள் அத்தோ வண்டி முன்னால் நின்றுவிடலாம். ஆட்டோவில் மிச்சமான பணத்தில் இரண்டாவது தட்டும் சொல்லலாம்.