சேகோ மில்லில் அபாயப் பதிவேடு போட்ட அனுபவம்

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் வழியில் ஒரு சேகோ மில்லில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மரவள்ளிக்கிழங்கு லாரியில் வந்து இறங்குவதிலிருந்து ஜவ்வரிசி மூட்டையாகி, அதை விற்றுக் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வுக்குக் கிளம்புவது வரை எல்லாமே ஒரே வளாகத்துக்குள் நடக்கிறது. எங்களிடம் ஸ்டார்ச் வாங்கும் ஒரு கம்பெனி, ஆலையில் என்னென்ன அபாயங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று எழுதிய பதிவேடு வேண்டும் என்று கேட்டது. முதலாளி அந்த வேலையை என்னிடம் ஒப்படைத்தார். சேலத்தைச் சுற்றி இதே மாதிரி மில்லும் பட்டறையும் எவ்வளவோ இருக்கின்றன. அங்கே இந்த வேலையைக் கையில் எடுப்பவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

இதற்கென்று அச்சடித்த படிவங்கள் கிடைக்கின்றன. வேறொரு ஆலையின் பதிவேட்டை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் கம்பெனிக்குக் காகிதம் கிடைக்கும், அரவை மெஷின் பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் நாங்களே நடந்து பார்த்து எழுதுவது என்று முடிவு செய்தோம். நான், எலக்ட்ரீஷியன், மேஸ்திரி என்று மூன்று பேர் நோட்டும் பேனாவுமாகக் கிளம்பினோம்.

பகலில் ஆலை ஓடும்போது பார்த்தால் எழுத நிறையக் கிடைக்கும். மூடி இல்லாத பெல்ட், வழுக்கும் தரை, கிழங்கு உரிக்கும் இடத்தில் கத்தி, வறுக்கும் இடத்தில் சூடு, களத்தில் வெயில். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. உரிக்கும் வேலையில் வெகுகாலமாக இருக்கும் ஒரு அம்மாவிடம், "உங்களுக்கு இங்க எது பயம்?" என்று கேட்டபோது அவர் சொன்னதுதான் எங்கள் வேலையின் போக்கையே மாற்றியது. "ஓடும்போது எல்லாரும் ஜாக்கிரதையாத்தான் இருக்கறோம் கண்ணு. கழுவுற அன்னிக்கு வந்து பாரு."

போய்ப் பார்த்தோம். கழுவும் நாள், பிளேடு மாற்றும் நேரம், கரண்ட் போய்த் திரும்ப வரும் நேரம், ஷிஃப்ட் மாறும் நேரம், சீசன் முடிந்து குழி சுத்தம் செய்யும் வாரம். ஆலை ஓடும்போது மெஷினுக்கும் மனிதனுக்கும் நடுவே ஒரு தகடாவது இருக்கும். நிறுத்தியதும் அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டு மனிதன் உள்ளே கையை விடுகிறான், சில நேரம் ஆளே உள்ளே இறங்குகிறான். பெரிய ஆபத்துகள் எல்லாம் அந்த நேரத்துக்குள்தான் அடங்கியிருந்தன. பதிவேடு போடுபவர்கள் முதலில் எழுத வேண்டியது நிறுத்திய பிறகு செய்யும் வேலைகளைத்தான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். கிழங்கு கழுவும் மெஷினுக்குள் துடுப்பு மாதிரி இரும்புக் கைகள் பொருத்திய தண்டு ஒன்று சுற்றும். வேரும் நாரும் அதில் சிக்கிக்கொண்டால் நிறுத்திவிட்டுக் கையால் பிடுங்குவார்கள். அதன் மோட்டார் ஸ்டார்ட்டரைத் திறந்து பார்த்த எலக்ட்ரீஷியன் அப்படியே நின்றுவிட்டார். தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்குப் போடுவோமே ஆட்டோ ஸ்விட்ச், அதை இதிலும் மாட்டியிருந்தார்கள். கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், வந்தால் தானாக ஓடத் தொடங்கும். ராத்திரியில் எழுந்து போக வேண்டாம் என்பதால் கிணற்று மோட்டாருக்கு அது வசதி. இங்கேயோ கரண்ட் போன நேரத்தைத்தான் சிக்கியதைப் பிடுங்க நல்ல நேரம் என்று ஆட்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டார்ட்டர்களில் கரண்ட் போனதும் தானே விடுபட்டு, மறுபடி பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும் ஏற்பாடு இருக்கும். அந்தப் பாதுகாப்பைத்தான் ஆட்டோ ஸ்விட்ச் தாண்டிப் போகிறது. அன்றைக்கே கழற்றினோம். மற்ற எல்லா மெஷின்களின் ஸ்டார்ட்டரையும் திறந்து பார்த்தோம்.

அடுத்து பூட்டு. அரவை உருளையில் ரம்பப் பல் பிளேடுகள் வரிசையாக இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் அது தன் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், அடங்க நேரம் எடுக்கும். பிளேடு மாற்றும்போது முன்பெல்லாம் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி போர்டு மேல் வைத்துவிடுவார்கள். வழியில் போகிற யார் வேண்டுமானாலும் அதை எடுத்து மாட்டிவிடலாம். இப்போது மெயினை அணைத்து, கைப்பிடியில் பூட்டுப் போட்டு, உள்ளே கை விடுபவரே சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்கிறார். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. பூட்டிய பிறகு ஸ்டார்ட் பொத்தானை ஒரு தரம் அழுத்திப் பார்த்து, ஓடவில்லை என்று தெரிந்த பிறகுதான் மூடியைக் கழற்ற வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். போர்டில் பெயர் மாறி எழுதியிருந்தால் பக்கத்து மெஷினின் மெயினைத்தான் பூட்டியிருப்போம், அழுத்திப் பார்த்தால்தான் அது தெரியும்.

சரி, குழிக்கு வருகிறேன். கிழங்கு கழுவிய தண்ணீரும், தொட்டியில் மாவு தெளிந்த பிறகு வடிகிற தண்ணீரும் ஒரு குழியில் சேர்கின்றன. அடியில் சேறு படியும். காற்றில்லாமல் அது புளித்து அழுகும்போது மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு எல்லாம் உண்டாகும். அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கூட இல்லாதபோதே மூக்குக்குத் தெரிந்துவிடும். 100 பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. அதற்கு மேல் பல மடங்கு ஏறினால் ஆள் நினைவிழந்து விழச் சில மூச்சுகளே போதும். ஜார்கண்டிலிருந்து வந்து வேலை செய்யும் ஒரு தம்பி இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஸ்மெல் போச்சுன்னா கேஸ் போச்சுன்னு நெனச்சோம் அண்ணா." அவர் மட்டுமில்லை, பலரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தையும் மேஸ்திரி சொன்னார். விளக்கு எரிந்தால் இறங்கலாம் என்பார்கள். ஆக்சிஜன் அடியோடு குறைந்திருந்தால் விளக்கு அணையும், அதுவரைக்கும் அது சரி. ஆனால் ஆளைக் கொல்லும் அளவுக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும்போதும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். மீத்தேன் காற்றில் 5 சதவீதத்தைத் தொட்டிருந்தால் அந்த விளக்கே குழியை வெடிக்க வைத்துவிடும். முகத்தில் துண்டு கட்டிக்கொள்வதிலும், கடையில் விற்கும் துணி மாஸ்க்கிலும் இந்த வாயுக்கள் நிற்காது.

படிவத்தில் ஒவ்வொரு அபாயத்துக்கும் இரண்டு மதிப்பெண் போடச் சொல்லியிருந்தது. நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு 1 முதல் 5, நடந்தால் எவ்வளவு கேடு என்பதற்கு 1 முதல் 5. இரண்டையும் பெருக்க வேண்டும். வழுக்கி விழுவது அடிக்கடி நடக்கிறது, சிராய்ப்போடு போகிறது: 5 பெருக்கல் 1, ஐந்து. குழி சுத்தம் வருடத்துக்கு ஒரு முறைதான், ஆனால் உயிர் போகும்: 1 பெருக்கல் 5, அதுவும் ஐந்து! இரண்டும் ஒரே மதிப்பெண் வாங்கிப் பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்தன. இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. உயிர் போகும் அபாயம் எதுவானாலும், பெருக்கி வரும் எண் என்னவாக இருந்தாலும், பட்டியலின் தலைமாட்டில்தான் வரவேண்டும் என்று எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்கினோம். "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்ற பேச்சை அந்தக் கூட்டத்திலும் கேட்டேன். எதுவும் ஆகாமல் இருந்ததற்கு என்ன ஏற்பாடு காரணம் என்று திருப்பிக் கேட்டேன். காட்ட ஒரு ஏற்பாடும் இல்லை.

அப்புறம் கட்டுப்பாடு. இதற்கு ஒரு வரிசை உண்டு. அபாயத்தையே இல்லாமல் செய்ய முடியுமா, முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த ஒன்றை மாற்றி வைக்க முடியுமா, அதுவும் முடியாவிட்டால் மூடி, கம்பி, காற்றோட்டம் மாதிரி ஏதாவது பொருத்த முடியுமா, பிறகு வேலை முறை, கடைசியில்தான் கையுறை, கண்ணாடி, பூட்ஸ். எங்கள் ஊரில் பெரும்பாலும் கடைசியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கையுறை வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு வேலை முடிந்துவிடுகிறது. சுற்றும் தண்டின் பக்கத்தில் கையுறையே ஆளை இழுத்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குழியில் முதல் கேள்வியையே கேட்டோம்: ஆள் ஏன் இறங்க வேண்டும்? சேற்றை வாரத்தான். அப்படியென்றால் மேலிருந்தே வார முடியாதா? சீசன் முடிந்து குழி காலியாகிக் காய்ந்த பிறகு, வாயுவைச் சோதித்து, உள்ளே காற்றடிக்கும் ப்ளோயர் ஓடிக்கொண்டிருக்கும்போது, அடித்தளத்தை ஒரு மூலைக்குச் சரிவாக்கிக் கான்கிரீட் போட்டோம். அந்த மூலையில் சேறு இறைக்கும் பம்ப் தொங்குகிறது. அடைத்துக்கொண்டால் செயின் பிளாக்கில் மேலே தூக்கி வெளியே வைத்துச் சரிசெய்யலாம். ஒட்டியிருக்கும் சேற்றை மேலிருந்தே தண்ணீரைப் பீய்ச்சிக் கரைக்கிறோம். செலவைப் பார்த்து முதலாளி முதலில் தயங்கினார். வருடா வருடம் ஆள்கூலி கொடுப்பதையும் ஆலை நிற்கும் நாட்களையும் எழுதிக் காட்டியபோது சம்மதித்தார்.

தவிர்க்கவே முடியாமல் இறங்க வேண்டி வந்தால் அதற்குத் தனி முறை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 36ஆம் பிரிவிலேயே இதன் அடிப்படை இருந்தது: தகுதியானவர் சோதித்து எழுத்தில் சான்று தந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இறங்குபவர் மூச்சுக் கருவி அணிந்து, இடுப்பு பெல்ட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். உள்ளே கொண்டுபோகும் விளக்கு பொதுவாக 24 வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்றது அதன் 36ஏ பிரிவு. நாங்கள் நான்கு வாயு மீட்டர் ஒன்றை வாங்கினோம். ஆக்சிஜன், எரியும் வாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு நான்கையும் காட்டும். மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் பார்க்க வேண்டும், ஏனென்றால் மீத்தேன் காற்றைவிட லேசு, ஹைட்ரஜன் சல்ஃபைடு கனம். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5க்குக் கீழே போனால் இறங்கவே கூடாது.

மீட்டரை ஆட்களுக்குப் பழக்கிய நாளில் குழி ஓரத்தில் எல்லோரையும் கம்பிக்கு வெளியே நிற்க வைத்தோம். கயிற்றில் கட்டி அடிவரை இறக்கியும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அதே கணக்கில், 0 என்றே காட்டியது. நீளமான மூங்கிலால் மேஸ்திரி சேற்றைக் கலக்கினார். கொப்புளம் கொப்புளமாக மேலே வந்தது. உடனே மீட்டர் கத்தத் தொடங்கியது, 40ஐத் தாண்டி ஏறியது. அதன் அபாயமணியை 10இல் வைத்திருந்தோம். சேற்றுக்குள் அடைபட்டிருக்கும் வாயு காலை வைத்தால்தான் கிளம்பும் என்று நான் வாயால் சொல்லியிருந்தால் இவ்வளவு பதிந்திருக்காது. இறங்கும் முன் ஒரு தடவை பார்த்தால் போதாது, ஆள் உள்ளே இருக்கும் நேரம் முழுக்க மீட்டர் அவர் சட்டையிலேயே இருக்க வேண்டும் என்பது அன்று யாரும் விளக்காமலே எல்லோருக்கும் புரிந்தது.

இன்னொரு விதியைத் தமிழிலும் இந்தியிலும் பெரிய எழுத்தில் குழி மேல் எழுதி வைத்திருக்கிறோம்: உள்ளே ஒருவர் விழுந்தால் பின்னாலேயே இறங்காதே, மேலிருந்து தூக்கு, 112க்குப் போன் செய். இப்படிப்பட்ட விபத்துகளில் அடுத்தடுத்துச் சாகிறவர்கள் பெரும்பாலும் காப்பாற்றப் போனவர்கள். அண்ணன் விழுந்தால் தம்பி யோசிக்காமல் குதிப்பான், அது இயல்பு. அதனால்தான் ஆளைத் தாங்கும் மூன்று கால் இரும்பு முக்காலியும் கயிறும் சுழற்றித் தூக்கும் வின்ச்சும் குழி மேல் பொருத்தி, பெல்ட்டை ஆளோடு சேர்த்த பிறகுதான் இறங்க விட வேண்டும். வெளியே நிற்பவருக்கு வேறு எந்த வேலையும் தரக்கூடாது, டீ வாங்கி வரக்கூட அனுப்பக்கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொட்டி கழுவும் பிளீச்சிங்கும் கறை எடுக்கும் ஆசிடும் ஒரே அலமாரியில் இருந்தன. இரண்டும் கலந்தால் குளோரின் கிளம்பும். இப்போது தனித்தனி அறை, தனித்தனி நிற வாளி. மாவு சலித்து மூட்டை பிடிக்கும் அறையில் உத்தரத்தின் மேல் படிந்த மாவைக் காற்றடித்து விரட்டுவதை நிறுத்திவிட்டோம். பறக்கும் ஸ்டார்ச் தூசி தீப்பொறி பட்டால் வெடிக்கும். பீடிக்கும் தீப்பெட்டிக்கும் கேட்டிலேயே ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். களத்தில் வெயில் ஏறும் முன் பரப்பிவிட்டு, உச்சிப்பொழுதில் நிழலில் செய்யும் வேலைக்கு மாற்றினோம். இதைக் களத்துப் பெண்களே வகுத்துக் கொடுத்தார்கள்.

கம்பெனிக்காரர்கள் வந்து பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதில் ஒரு வரி, இன்னும் தீராத அபாயம் என்று, சிவப்பில்தான் இருக்கிறது. வளாகத்தின் பின்பக்கம், வாய் குறுகலான ஒரு பழைய தொட்டி. முக்காலி வைக்க இடமில்லை, ஒருவர் விழுந்தால் மேலே தூக்க வழியில்லை. வாயில் கம்பிவலை வெல்டிங் செய்து, தண்ணீர் வரும் குழாயையும் அடைத்தாகிவிட்டது. வரும் கோடையில் பொக்லைன் வைத்து இடித்து மண் நிரப்புவதாக முதலாளி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பொறுப்பு என்ற கட்டத்தில் என் பெயர் இருக்கிறது.