கப்பல் தலைவனுக்கு முதலாளி எழுதிய கடிதம்

நெப்போலியன் போர்க்காலத்தில் அமெரிக்கக் கப்பல் முதலாளிகள் தம் கப்பல் தலைவர்களுக்கு எழுதித் தந்த பயணக் கட்டளைகளை நினைத்தால் எனக்கு இரக்கமே மிஞ்சுகிறது. 1807இல் நெப்போலியன் பிறப்பித்த மிலான் ஆணைக்குப் பிறகு, பிரிட்டிஷ் துறைமுகத்தைத் தொட்ட, ஏன், பிரிட்டிஷ் போர்க்கப்பலின் சோதனைக்கு இணங்கிய நடுநிலை (போரில் சேராத) நாட்டுக் கப்பலைக்கூடப் பிரெஞ்சுக்காரர்கள் பறிமுதல் செய்யலாம். தொடாமல் நேரே பிரெஞ்சுக் கரைக்குச் சென்றாலோ பிரிட்டன் மடக்கும். எங்கே சரக்கை இறக்குவது, விலை சரிந்திருந்தால் எந்தத் துறைமுகத்துக்குத் திரும்புவது, திரும்பும்போது எதை ஏற்றுவது என்றெல்லாம் முதலாளி எழுதுவார். ஆனால் தக்க காரணமின்றிக் குறித்த வழியை விட்டு விலகினால் காப்பீடே செல்லாது. கேட்டெழுதினால் பதில் வர மாதங்கள் ஆகும் என்பதால், கடைசிப் பத்தியில் எல்லாவற்றையும் தலைவனின் மதிநுட்பத்துக்கே விட்டுவிடுவதைத் தவிர அவருக்கும் வேறு வழியில்லை (நட்டம் வந்தால் யார் தலை உருளும் என்பது இருவருக்கும் தெரியும்).