தீவு மேப் நாட்குறிப்பு

நவம்பர் 2, 2024, சனி

வெள்ளவத்தையில் காலையிலிருந்து மழை. மருமகன் லாப்டொப்போடு வந்துவிட்டான். ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 என்ற கம்ப்யூட்டர் போர் விளையாட்டு, ஆளுக்கொரு தீவில் தொடங்கும் தீவு மேப். விளையாட்டில் உள்ள இனங்களில் அவன் எடுப்பது எப்போதும் திராவிடர்தான். "மாமா, என்ர ஆக்கள் தமிழ் கதைப்பினம்" என்பான். அது கிடக்கட்டும், அவர்களுக்கு ஒவ்வொரு யுகம், அதாவது ஆட்டத்தின் கட்டம், மாறும்போதும் 200 மரம் சும்மா வருகிறதே, தீவில் அதுதான் பெரிய விஷயம். கப்பல் கட்டுகிற டொக் ஒன்று 150 மரம், மீன்பிடிப் படகு 75. சண்டைக் கப்பலுக்கும் மரம். அதனால் ஆடும் பன்றியும் முடிந்த கையோடு பாதிப் பேரை மரத்துக்கு விட வேண்டும். கடலில் மீன் இருக்கும்வரை வயல் போடுவது வீண். ஆழ்கடல் மீன்கூட்டம் ஒன்றில் 225 உணவு, திரும்ப விதைக்கிற வேலையும் இல்லை.

நவம்பர் 5

ஒரே ஒரு ஆட்டம். டொக் இரண்டையும் ஒரே கரையில் கட்டாதே என்று அவனுக்குச் சொல்லி வைத்தேன். ஒரு பக்கம் எரிந்தால் மற்றப் பக்கத்தில் கப்பல் இறக்கலாம். டொக் பக்கத்தில் மரம் வெட்டுகிறவர்கள் இருந்தால் இன்னும் நல்லது, அடிபட்டு வருகிற கப்பலைக் கரையில் நின்றே திருத்துவார்கள்.

நவம்பர் 9, சனி

இன்று முழுக்கக் கடல் சண்டை. நெருப்புக் கப்பல் கிட்ட வந்துவிட்டால் அம்புக் கப்பலுக்குக் கதை முடிந்தது. ஆனால் அம்புக் கப்பல்கள் கூட்டமாகத் தள்ளி நின்று ஒன்றையே குறிவைத்தால் அது வந்து சேராது. அந்தக் கூட்டத்துக்குச் சரியான மருந்து, மோதித் தானே வெடிக்கிற வெடிக் கப்பல். இரண்டை நடுவில் விட்டான், என் கப்பல்கள் சுற்றிவர மிதக்கும் பலகையாகிவிட்டன. திராவிடருக்குப் பதில் பைசாந்தியரை எடுத்தால் நெருப்புக் கப்பல் இன்னும் 25 சதவீதம் வேகமாக அடிக்கும். 7ஆம் நூற்றாண்டில் கொன்ஸ்தாந்திநோபிளை முற்றுகையிட்ட அரபுக் கப்பல்களைக் கிரேக்க நெருப்பால் எரித்தவர்கள் அல்லவா, அந்தச் சலுகை நியாயம்தான்.

நவம்பர் 15, போயா

லீவு நாள், நீண்ட ஆட்டம். கடலைப் பிடித்துவிட்டு அதோடு சுற்றிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும். எதிராளி உள்ளே வயல் போட்டு ஆறுதலாக வளர்வான். கடல் கையில் வந்தவுடனே ஆள் இறக்க வேண்டும். ஆளேற்றும் கப்பலில் முதலில் 5 பேர்தான். டொக்கில் கப்பல் மேம்பாடு இரண்டையும் செய்தால் 20 பேர். டொக் இருக்கிற பக்கம் போகாமல் பின்பக்கக் காட்டோரம் இறக்கி, கூட வேலைக்காரர் சிலரையும் கொண்டுபோய் அங்கேயே படைமுகாம் கட்டுவது என் வழி. 1025இல் ராஜேந்திர சோழனின் படையும் கடலில் மட்டும் நிற்கவில்லை, கடாரத்துக்குள்ளேயே போனது.

கடைசியில் இம்பீரியல் யுகம், வேதியியல் ஆராய்ச்சி, அதன் பிறகு பீரங்கிக் கப்பல். கோட்டையின் அம்பு எட்டாத தூரத்தில் நின்று அவனுடைய கரையோரக் கோட்டையை உடைத்தேன்.

"மாமா, இது அநியாயம்!"

கடலைப் பார்த்து 650 கல்லைக் கொட்டிக் கோட்டை கட்டச் சொன்னது யார்? அடுத்த கிழமை உள்ளே தள்ளிக் கட்டுவானாம். சரி, பார்ப்போம்.