மூலம் இல்லாமல் அலை இருக்க ஏலுமா?

விபுலானந்த அடிகளைத் தமிழறிஞராகவே ஊர் கொண்டாடும். மட்டக்களப்பின் கல்லடி உப்போடை சிவானந்த வித்தியாலயத்தில் விஞ்ஞானம் படித்த எங்களுக்கு அவர் 1920இல் லண்டன் விஞ்ஞானப் பட்டம் பெற்றவரும்கூட. அவர் நிறுவிய பள்ளியில் பௌதிகவியலைத் தமிழிலேயே கற்றது என் வாழ்வின் பெரிய கொடை.

உயர்தர வகுப்பில் மின்காந்த அலைகள் நடந்துகொண்டிருந்தன. ஆர்முடுகும் ஏற்றம், அதாவது வேகம் மாறும் மின்னேற்றம், கதிர்ப்பை விடும் என்று படித்ததும் ஒரு நண்பன் எழும்பினான்.

“ஏற்றமே இல்லாம அலை இருக்க ஏலுமா சேர்?”

பரீட்சைக்கு வராத கேள்வி. சேர் “நல்லாக் கேட்டாய் மனே” என்று வெண்கட்டியை எடுத்தார். மின்புலமும் காந்தப்புலமும் நடக்கும் விதத்தைச் சொல்லும் மக்ஸ்வெல் சமன்பாடுகளில் ஏற்றத்தையும் மின்னோட்டத்தையும் பூச்சியமாக்கினார். அப்போதும் அலைச் சமன்பாடு வந்து நின்றது, ஒளியின் வேகத்தோடு! தோணி மறைந்த பிறகும் வாவியில் அலை கரைக்கு வரும் அல்லவா, அப்படித்தான் என்றார். ஆனால் இங்கே தண்ணீர்கூட வேண்டாம்: மாறும் மின்புலம் காந்தப்புலத்தைத் தரும், மாறும் காந்தப்புலம் மின்புலத்தைத் தரும். சக்தியும் உந்தமும் அலையிடமே இருக்கின்றன.

சரி, புறப்பட்ட அலைக்கு மூலம், அதாவது அதைக் கிளப்பிய ஏற்றம், தேவையில்லை. புறப்படவே மூலம் இல்லாத அலை? இதைப் பல்கலைக்கழகத்தில்தான் முழுதாக விளங்கிக்கொண்டேன். சமன்பாட்டின் தீர்வில் ஏற்றங்களால் பிறக்கும் பங்கு ஒன்று. எந்த ஏற்றத்தையும் சாராமல் அதனுடன் கூட்டக்கூடிய சுயாதீன அலை இன்னொன்று. அந்த இரண்டாம் பங்கு உண்டா இல்லையா என்பதைச் சமன்பாடு சொல்லாது. தொடக்க நிலைதான் சொல்லும். 1945இல் பௌதிகவியலாளர்கள் வீலரும் ஃபைன்மனும் அந்த இரண்டாம் பங்கு வேண்டவே வேண்டாம், எல்லாக் கதிர்ப்பையும் ஏற்றங்களுக்கு இடையிலான தாக்கமாகவே எழுதலாம் என்று முயன்றார்கள். எனக்கு அந்த வழியில் மனம் ஒட்டவில்லை. புலத்தை ஏற்றத்தின் நிழலாக்குவது அதற்குச் செய்யும் அநியாயம்.

அண்டம் முழுதும் நிறைந்திருக்கும் ஆதி ஒளியான அண்டப் பின்னணிக் கதிர்ப்பைப் பாருங்கள். 1964இல் பென்சியாசும் வில்சனும் தங்கள் வானலை வாங்கியில் நீக்க முடியாத இரைச்சலாக அதைக் கண்டார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும் அதே அளவு. இன்று அதன் வெப்பநிலை 2.725 கெல்வின், ஒவ்வொரு கன சென்ரிமீற்றரிலும் ஏறத்தாழ 411 ஒளித்துணிக்கைகள். அண்டம் தோன்றிச் சுமார் 380,000 ஆண்டுகளில் இலத்திரன்கள் அணுக்களுக்குள் அடங்க, அந்த ஒளி தடையின்றிக் கிளம்பியது. ஆகவே அதுவும் சூடான ஏற்றங்களோடு உறவாடிய ஒளிதான். ஆனால் மூலம் எங்கே என்று கை நீட்ட ஓர் இடமில்லை. எல்லா இடமும் மூலம். அதற்கும் முன்னே போனால், கதிர்ப்பு முதலா ஏற்றம் முதலா என்று பிரிக்க முடியாதபடி ஒன்று மற்றதை உண்டாக்கிக்கொண்டிருந்தது: ஒளித்துணிக்கைகள் மோதி இலத்திரனும் அதன் எதிர்த்துணிக்கையான பொசித்திரனும் பிறந்தன, அவை சேர்ந்தழிந்து மீண்டும் ஒளியாயின.

ஊருக்குப் போனபோது சேரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர் உடனே அடுத்ததைக் கேட்டார்: “அப்ப அந்தத் தொடக்க நிலை எங்கால வந்தது மனே?”